சிஎன் ஃபங்ஷன்: அதைத் தங்கள் ரெப்போவில் பராமரிப்பவர்களுக்கு டெய்ல்விண்ட்-மெர்ஜ் பற்றி ஒரு மதிப்பீடு

காம்பொனென்ட்களை உங்கள் ரெப்போவுக்கே நகலெடுத்துத் தரும் ஷாட்சிஎன் யூஐ-யை நிறுவினால் லிப் ஃபோல்டரில் யூட்டில்ஸ் என்று ஒரு சின்ன ஃபைல் வந்து சேரும். அதிலிருக்கும் சிஎன் ஃபங்ஷன், வருகிற டெய்ல்விண்ட் கிளாஸ்களை (டெய்ல்விண்ட் என்பது சின்னச் சின்னக் கிளாஸ்களால் தோற்றம் அமைக்கும் சிஎஸ்எஸ் ஃபிரேம்வொர்க்) சிஎல்எஸ்எக்ஸ் என்ற சின்ன லைப்ரரி மூலம் ஒரே சரமாக்கி, அதை மோதும் கிளாஸ்களை நீக்கும் டெய்ல்விண்ட்-மெர்ஜ் லைப்ரரியிடம் கொடுத்து வாங்கித் தரும். அவ்வளவுதான். ஆனால் பட்டன் முதல் டயலாக் வரை எல்லாக் காம்பொனென்ட்டும் இதைத்தான் அழைக்கிறது. ஃபைல் உங்கள் ரெப்போவுக்குள் இருப்பதால் என்பிஎம் அப்டேட்டும் அதைத் தொடாது. பராமரிப்பு முழுக்க உங்கள் பொறுப்பு.

சிஎல்எஸ்எக்ஸ் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுமார் 240 பைட். ஃபால்ஸ், நல், அன்டிஃபைண்ட் ஆகியவற்றைத் தள்ளிவிட்டு மீதியை ஒட்டித் தரும். கடினமான வேலை டெய்ல்விண்ட்-மெர்ஜுடையது. பட்டனுக்குள் பிஎக்ஸ்-4 (இடது, வலது உள் இடைவெளி) இருக்கிறது, பயன்படுத்துபவர் வெளியிலிருந்து பிஎக்ஸ்-2 தருகிறார் என்று வையுங்கள். கிளாஸ் அட்ரிபியூட்டில் எது பின்னால் எழுதப்பட்டது என்பதை பிரவுசர் பார்ப்பதில்லை. சிஎஸ்எஸ் ஃபைலில் பின்னால் இருக்கும் விதியே ஜெயிக்கும், அது பிஎக்ஸ்-4. டெய்ல்விண்ட்-மெர்ஜ் முந்தைய கிளாஸையே சரத்திலிருந்து நீக்கிவிடுவதால் சிக்கல் தீர்கிறது. நான்கு பக்கத்துக்கும் பொதுவான பி-3 வந்தால் முன்னுள்ள பிஎக்ஸ், பிஒய் (மேல், கீழ்) இரண்டையும் எடுத்துவிடும். ஹோவர் முன்னொட்டு உள்ளவற்றைத் தனியாகவே கையாளும். இந்த அடிப்படை வேலையில் இது நம்பகமானது.

தொல்லை எல்லாம் உங்கள் சொந்த தீமில்தான் (நிறம், எழுத்தளவு, இடைவெளிகளுக்கு நீங்களே வைத்த பெயர்களின் பட்டியல்) தொடங்குகிறது. இந்த லைப்ரரி உங்கள் தீமைப் படிப்பதில்லை. டெய்ல்விண்டின் இயல்பான பெயர்களை மட்டுமே அறியும். டெக்ஸ்ட்-டைனி என்று ஓர் எழுத்தளவைச் சேர்த்தால், தெரியாத பெயர் என்பதால் அதை நிறம் என்று எடுத்துக்கொள்ளும். பின்னால் டெக்ஸ்ட்-ரெட்-500 வந்ததும் எழுத்தளவு சத்தமில்லாமல் காணாமல் போகும். ஷேடோ-கார்டு என்று நீங்கள் சேர்த்த நிழல் நேரெதிர்: அதுவும் நிழலின் நிறமாகக் கருதப்படுவதால் ஷேடோ-எல்ஜியுடன் மோதுவதாகவே தெரியாது, இரண்டும் தங்கிவிடும். பி-கட்டர் போன்ற சொந்த இடைவெளிப் பெயர்களும் மோதுவதாகத் தெரியாமல் தங்கிவிடும். புதிய நிறப் பெயர்களுக்கு மட்டும் எதுவும் செய்ய வேண்டாம். கன்சோலில் ஒரு எச்சரிக்கைகூட வராது என்பதுதான் இந்த லைப்ரரியின் பெரிய குறை.

தீர்வு, எக்ஸ்டெண்ட்-டெய்ல்விண்ட்-மெர்ஜ் ஃபங்ஷன். 3-ஆம் பதிப்பில் எக்ஸ்டெண்ட், அதற்குள் தீம், அதற்குள் டெக்ஸ்ட், ஷேடோ, ஸ்பேசிங் என்று டெய்ல்விண்ட் 4-இன் தீம் மாறிகளின் அதே பெயர்களில் எழுதலாம். இதை ஃபைலின் மேல்மட்டத்தில் ஒருமுறை மட்டும் அழையுங்கள். காம்பொனென்ட்டுக்குள் வைத்தால் ஒவ்வொரு ரெண்டரிலும் புதிய ஃபங்ஷன் பிறக்கும், 500 முடிவுகள் வரை நினைவில் வைக்கும் கேஷும் வீணாகும். பல பேக்கேஜ்கள் ஒன்றாக இருக்கும் மோனோரெப்போவில் யூஐ பேக்கேஜில் ஒரு சிஎன், ஆப்பில் இன்னொரு சிஎன் என்று இருந்தால் ஒன்றில் மட்டும் தீம் விவரம் இருக்கும். ஒரே பட்டன் இரண்டு இடத்தில் இரண்டு விதமாகத் தெரியும். ஒன்றை வைத்துக்கொண்டு, டெய்ல்விண்ட்-மெர்ஜை நேரடியாக இம்போர்ட் செய்வதை நிரலைச் சரிபார்க்கும் இஎஸ்லின்ட்டின் நோ-ரெஸ்ட்ரிக்டட்-இம்போர்ட்ஸ் விதியால் தடுத்துவிடுங்கள். தீமில் சேர்க்கும் ஒவ்வொரு எழுத்தளவுக்கும், நிழலுக்கும் ஒரு வரி டெஸ்ட் போதும். அதை எழுதாமல் விடவே கூடாது.

வரிசையிலும் கவனம் வேண்டும். வெளியிலிருந்து வரும் கிளாஸ்நேம் எப்போதும் கடைசி. லீடிங்-9 (வரி உயரம்) முதலிலும் டெக்ஸ்ட்-எல்ஜி பின்னாலும் வந்தால் லீடிங் நீக்கப்படும்; எழுத்தளவுக் கிளாஸே வரி உயரத்தையும் அமைப்பதால் இது சரியான நடத்தைதான், ஆனால் அறியாதவர்கள் பிழை என்று தேடி அலைவார்கள். லீடிங்கைப் பின்னால் எழுதினால் நிற்கும். காம்பொனென்ட்டின் வகைக்கேற்ற கிளாஸ்களைத் தேர்ந்து தரும் சிவிஏ மோதல்களைத் தீர்க்காது, அதன் முடிவையும் சிஎன் வழியாகவே அனுப்ப வேண்டும்.

பதிப்புகள் ஜோடியாகவே நகர வேண்டும்: டெய்ல்விண்ட் 3-க்கு மெர்ஜ் 2, டெய்ல்விண்ட் 4-க்கு மெர்ஜ் 3. 2025 ஜனவரியில் டெய்ல்விண்ட் 4 வந்தபோது பின்னணி கிரேடியன்டுக்கான பிஜி-கிரேடியன்ட்-டு-ஆர் என்பது பிஜி-லீனியர்-டு-ஆர் ஆனது. பழைய மெர்ஜ் இதை நிறமாக எண்ணி, பின்னால் பிஜி-வைட் வந்தால் கிரேடியன்டைத் தூக்கிவிடும். டெய்ல்விண்ட் கிளாஸ்கள் எல்லாவற்றுக்கும் சொந்த முன்னொட்டு வைத்திருப்பவர்கள் மெர்ஜ் 3-இன் அமைப்பில் அதைக் கடைசியிலுள்ள சிறுகோடு (-) இல்லாமல் எழுத வேண்டும்.

வெளியிலிருந்து கிளாஸ்நேம் ஏற்காத காம்பொனென்ட்டுக்கு சிஎல்எஸ்எக்ஸ் மட்டும் போதும். சின்ன லைப்ரரி என்றால், அடிப்படைத் தோற்றத்தை சிஎஸ்எஸ்ஸின் காம்பொனென்ட்ஸ் லேயரில் எழுதுங்கள். யூட்டிலிட்டி கிளாஸ்கள் அதற்குப் பிந்தைய லேயரில் இருப்பதால், ஜாவாஸ்கிரிப்ட் எதுவும் இல்லாமலேயே அவை ஜெயிக்கும்.