இடது பக்க பெல்ட்டை நான் இழுத்துப் பார்க்கவில்லை

2024 ஜூனில் சென்னையில் 21.5 லட்சம் கொடுத்து 2019 மாடல் ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் செடான் ஒன்று வாங்கினேன். தினமும் வேலைக்குப் போய் வருவதற்காக. மூன்று மாதம் ஓட்டினேன். அது 2023 டிசம்பர் மழையில் டேஷ்போர்டு வரை மூழ்கிய வண்டி என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. இனி அதை நம்பி ஓட்ட 14 லட்சம் செலவாகும் என்று எஸ்டிமேட் வந்திருக்கிறது. நடந்ததை எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவட்டும்.

எனக்கு வீடு கோவை பீளமேடு, வேலை திருப்பூர். போய் வர தொண்ணூறு கிலோமீட்டருக்குக் குறையாது. பதினோரு வருடப் பழைய சின்ன கார் முதுகைக் கொன்றுகொண்டிருந்தது. இருபது லட்சத்துக்குப் புது எஸ்.யூ.வி. வாங்கலாம், அல்லது அதே காசுக்கு நாற்பத்தைந்து லட்சத்து வண்டியைச் செகண்ட்ஹேண்டில் வாங்கலாம். இந்தக் கணக்கு தலைக்குள் புகுந்துவிட்டால் அப்புறம் வெளியே போகாது. "பேசாம ஒரு க்ரெட்டாவ எடு மச்சான்" என்று மனைவியின் அண்ணன் சொன்னார். நான் பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ், பென்ஸ் சி கிளாஸ், ஆடி ஏ4 மூன்றையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வாங்கியது அந்த மூன்றில் ஒன்று. எது என்று சொல்லப் போவதில்லை. தயாரித்தவர்கள் மேல் எனக்குக் குறையில்லை, எந்தக் காரையும் ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் நிறுத்தினால் இதுதான் நடக்கும்.

கடை பெரிய கடைதான். கண்ணாடிச் சுவர், ஏ.சி. அறை, வரிசையாக முப்பது வண்டி. "சிங்கிள் ஓனர் சார், டாக்டர் வண்டி, கனடா போறாரு, அதான் விலை கம்மி" என்றார்கள். (பழைய கார் விற்கும் கடைகளில் இத்தனை டாக்டர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று நான் அன்றே யோசித்திருக்க வேண்டும்.) அதே வருடத்து வண்டி மற்ற இடங்களில் 25, 26 லட்சம் சொன்னார்கள். நாலு லட்சம் வித்தியாசத்தைப் பார்த்துப் பயப்படாமல், கொடுத்துவைத்தவன் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் ஏமாளி மாதிரிப் போய் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு இருந்த ஒரே பயம் ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்ட மீட்டரைப் பின்னோக்கிச் சுற்றியிருப்பார்களோ என்பதுதான். மீட்டர் 38,000 காட்டியது. பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்திருக்கிறதா, ஸ்டியரிங் தோல் வழவழத்துப் போயிருக்கிறதா, டிரைவர் சீட்டின் ஓரம் மடங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். டயர்களின் தயாரிப்பு வாரத்தைப் படித்தேன். ஸ்கேனர் வைத்திருக்கும் நண்பனைக் கூட்டிப்போய் இன்ஜினைப் பார்க்கச் சொன்னேன். எல்லாம் சரியாக இருந்தது. இதில் வேடிக்கை, மீட்டர் உண்மையானதுதான். 38,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய, உள்ளே முழுக்க ஊறிப்போன வண்டி. திருடன் வாசல் வழியாக வருவான் என்று காவல் காத்தேன், அவன் கிணற்றுப் பக்கமாக வந்திருக்கிறான்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒருமுறை காட்டிவிடலாமா என்று கேட்டேன். "அங்க போனா நல்ல வண்டிக்கே அஞ்சு லட்சம் எஸ்டிமேட் போடுவாங்க சார், உங்களுக்குத் தெரியாததா" என்று கடைக்காரர் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். எனக்கும் அந்த அபிப்பிராயம் உண்டு என்பதால் அவர் சொன்னது நியாயமாகப் பட்டது.

ஆனால் உண்மையைச் சொன்ன ஒரு காகிதம் அன்றைக்கே என் கையில் இருந்தது. இன்சூரன்ஸ் நகல். நான் பார்த்தது முடியும் தேதியையும் காப்பீட்டின் வகையையும் மட்டும்தான். அந்த பாலிசி தொடங்கியது 2024 மார்ச்சில். அதுவும் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும், சொந்தச் சேதத்துக்கு ஒரு பைசா கிடையாது. அத்தனை விலை உயர்ந்த வண்டிக்கு எந்த டாக்டர் தேர்ட் பார்ட்டி மட்டும் போடுவார்? கேட்டேன். "விற்கிற வண்டிக்கு எதுக்கு சார் ஃபுல் இன்சூரன்ஸ், நீங்க உங்க பேர்ல போட்டுக்கோங்க" என்றார் கடைக்காரர். அதற்கு முந்தைய பாலிசி எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

கடனுக்காக வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளரும் வந்தார், படம் எடுத்தார், சரி என்று எழுதிக் கொடுத்தார். எனக்கு முழு இன்சூரன்ஸ் கொடுத்தவர்களும் மொபைல் வீடியோவில் வண்டியைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள், அவ்வளவுதான். பெயின்ட் பளபளவென்று இருந்தால் எல்லோருக்கும் போதும்.

முதல் இரண்டு மாதம் சுகமாகத்தான் போயிற்று, பொய் சொல்ல மாட்டேன். அவிநாசி சாலையில் மேம்பால வேலை நடந்துகொண்டிருந்த புழுதியிலிருந்து வெளியேறி, கருமத்தம்பட்டி தாண்டி காலை அழுத்தினால் வண்டி பறந்தது. வேகத்தடையில் அடி தட்டும், பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃபிளாட் டயர் என்பதால் ஸ்டெப்னி கிடையாது, ஒரு டயரின் விலை என் பழைய காரின் நாலு டயர் விலை. இதெல்லாம் தெரிந்து வாங்கியதுதான். உள்ளே மட்டும் வாசனை திரவியம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. காலையில் ஏ.சி. போட்டவுடன் அரை நிமிடம், நனைந்த கோணிச் சாக்கு மாதிரி ஒரு வாடை வந்து மறையும். ஃபில்டர் மாற்றினேன். போகவில்லை.

ஆகஸ்டில் ஒருநாள் காலை வந்து பார்த்தால் பின்கண்ணாடி இரண்டும் தானாக இறங்கியிருந்தன. அடுத்த வாரம் டிக்கி நடுராத்திரி திறந்துகொண்டது. அப்புறம் திரையில் எச்சரிக்கைகள் வரத் தொடங்கின, ஒவ்வொரு நாளும் வேறு வேறு. ஒருநாள் கியர்பாக்ஸ், ஒருநாள் பார்க்கிங் சென்சார், ஒருநாள் எல்லாமே. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் சரியாகிவிடும். செப்டம்பரில் அவிநாசிக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. பின்னால் லாரி. எப்படி ஓரம் கட்டினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

கோவையில் இந்த மாதிரி வண்டிகளை மட்டும் பார்க்கும் மெக்கானிக் ஒருவரிடம் கட்டி இழுத்துப் போனோம். அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. இடது பக்க முன்கதவைத் திறந்தார், சீட் பெல்ட்டைப் பிடித்து முழுசாக, ரீல் தீரும் வரை இழுத்தார். நாம் போடும்போது கடைசி ஒரு முழம் எப்போதும் சுருளுக்குள்ளேயே இருக்கும். அந்த ஒரு முழத்தில் காப்பி நிறத்தில் சேற்றுக் கோடு, விரலால் தேய்த்தால் பொடி உதிர்ந்தது. "தண்ணி பார்த்த வண்டிங்க இது" என்றார். டிரைவர் பக்க பெல்ட்டை நான் இழுத்துக் காட்டினேன், புத்தம் புதுசாக இருந்தது. "அதை மாத்திட்டாங்க. வாங்க வர்றவங்க உக்கார்றது அந்தப் பக்கம்தானுங்களே."

பிறகு சீட்டைக் கழற்றினார். சீட்டை இறுக்கும் போல்ட்டுகள் துருப்பிடித்து முனை மழுங்கியிருந்தன. ஏற்கனவே ஒருமுறை கழற்றி மாட்டிய தடம். கார்பெட் மேலே புதுசு, அடியில் பஞ்சு இன்னும் ஈரம். ஒயரிங் கனெக்டர்களின் செம்புப் பின்களில் பச்சை பூத்திருந்தது. தண்ணீரில் போன வண்டி அன்றைக்கே சாவதில்லை. காயவைத்தால் ஓடும். உள்ளே அரிப்பு மட்டும் மாதக்கணக்கில் மெல்ல வேலை செய்யும். இந்த வண்டிகளில் எல்லா எலெக்ட்ரானிக் பெட்டிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருப்பதால் ஒரு பெட்டி உளற ஆரம்பித்தால் மற்றவையும் குழம்பிவிடும். தினம் ஒரு எச்சரிக்கை வந்ததன் காரணம் அது.

இத்தனைக்குப் பிறகும் கோபம் வந்தது வேறு ஒன்றுக்கு. ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே தரையோடு ஒட்டி இருக்கும், வண்டிக்குள் தண்ணீர் ஏறினால் அது தப்பாது. ஸ்கேனரில் அந்தப் பெட்டியிடமிருந்து பதிலே இல்லை. அப்படியானால் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டுமே? எரியாதபடி செய்துவைத்திருந்தார்கள். இக்னிஷன் போட்டதும் அந்தச் சிவப்பு விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். என் வண்டியில் அது ஒருநாள்கூட எரிந்ததில்லை, நானும் கவனித்ததில்லை. மூன்று மாதம் என் மனைவி அந்தச் சேற்று பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, வேலை செய்யாத ஏர்பேக்குக்கு முன்னால் உட்கார்ந்து வந்திருக்கிறாள். பின்னால் மகள். கண்ணாடி இறங்கியதையும் டிக்கி திறந்ததையும் நான் மன்னித்துவிடுவேன். அந்த விளக்கை அணைத்தவனை மன்னிக்க முடியவில்லை.

ஆர்.சி. என் பெயருக்கு மாறியிருந்ததால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் சேசிஸ் எண்ணைக் கொடுத்து சரித்திரம் கேட்டேன். அங்கிருந்தவர் ஒன்றும் பேசாமல் மானிட்டரை என் பக்கம் திருப்பினார். கடைசிப் பதிவு 2023 டிசம்பர்: உள்ளே தண்ணீர் புகுந்தது, இன்ஜின் ஸ்டார்ட் செய்யப்படவில்லை, எஸ்டிமேட் 22 லட்சத்துக்கு மேல். வேலை செய்யாமலே வண்டி வெளியே எடுத்துச் செல்லப்பட்டது. மிக்ஜாம் புயல் மழை அது. பள்ளிக்கரணையில் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து கார்கள் மிதந்து போன வீடியோவை நானே நாலு பேருக்கு அனுப்பியிருக்கிறேன். ஆறே மாதம் கழித்து அதே ஊரில் கார் வாங்கப் போனபோது அது நினைவுக்கு வரவில்லை.

இப்படிப்பட்ட வண்டி கடைக்கு எப்படி வருகிறது? பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில், அதாவது ஐ.டி.வி.யில், 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ் என்று கணக்கு முடித்துவிடுவார்கள். உரிமையாளருக்குப் பணம் போய்ச் சேரும். மூழ்கிய வண்டி கிடைத்த விலைக்கு ஏலம் போகும். எடுத்தவர் பிரித்து ஸ்பேராகவும் விற்கலாம், காயவைத்து முழு வண்டியாகவும் விற்கலாம். நிரந்தரமாக ஓடவே முடியாத வண்டி என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவின்படி 14 நாளுக்குள் தெரிவித்து பதிவை ரத்து செய்ய வேண்டும். "சரி பண்ணினால் ஓடும்" என்ற வண்டி அதில் சிக்காது. ஆர்.சி.யில் எதுவும் ஏறாது. அரசின் பரிவாகன் தளத்தில் தேடினால் எல்லாம் பச்சை. முதல் உரிமையாளர் பெயரே அப்படியே இருப்பதால் "சிங்கிள் ஓனர்" என்பதும் பொய்யில்லை.

கடைக்குப் போனேன். அதே ஏ.சி. அறை, அதே காபி. "நாங்க வெறும் புரோக்கர்தான் சார், வித்தது ஓனர்" என்றார்கள். அப்போதுதான் காகிதங்களை ஒழுங்காகப் பார்த்தேன். கடைப் பெயரில் பில் கிடையாது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் டாக்டர் கையெழுத்து. பணம் போனது கடைப் பெயரில் இல்லாத ஒரு கணக்குக்கு. 2023 ஏப்ரலில் வந்த விதிப்படி பழைய வண்டி வியாபாரிகள் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும், விற்பதற்காக வண்டி அவர்கள் கைக்கு வந்ததும் அங்கே தெரிவிக்கப்பட வேண்டும். அந்தச் சான்றைக் காட்டுங்கள் என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்டிருக்க வேண்டியவன், நாலு மாதம் கழித்துக் கேட்டேன். இன்னொரு காபி வந்தது.

கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். சென்னையில் வாங்கியிருந்தாலும் நாம் வசிக்கும் ஊரிலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், 50 லட்சம் வரை கொடுத்து வாங்கியது மாவட்ட ஆணையத்திலேயே வரும். எனக்குக் கைகொடுப்பது கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய "நான்-ஆக்சிடென்ட், நான்-ஃப்ளட், கேரண்டி சார்" (விபத்தும் இல்லை, வெள்ளமும் இல்லை) என்ற ஒரு வரி. வாயால் சொன்னதை எல்லாம் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். வழக்கு வாய்தா மேல் வாய்தாவாகப் போய்க்கொண்டிருக்கிறது.

இதைப் படிப்பவர் இப்படி ஒரு வண்டியை பார்த்து வைத்திருந்தால், போன இரண்டு வருட இன்சூரன்ஸ் பாலிசியையும் கேளுங்கள். ஐந்து வருட வண்டியில் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் வாங்காத வருடங்களுக்கான தள்ளுபடி, 45, 50 சதவீதம் என்று ஏறியிருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் இருந்தால் கிளெய்ம் வாங்கியதாலா என்று துருவிக் கேளுங்கள். பாலிசி நடுவில் அறுந்திருந்தாலும் கேளுங்கள். உரிமையாளர் என்று சொல்லப்படுபவரோடு நேராக ஒரு தடவை போனில் பேசிவிடுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போக விடாவிட்டால் அங்கிருந்தே திரும்பி வந்துவிடுங்கள், அவர்கள் அநியாய எஸ்டிமேட் போட்டாலும் போடட்டும். ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில், ஹெட்லைட்டுக்குள், சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஐந்து பெல்ட்டையும் இழுங்கள்.

வண்டி இப்போது மாமனார் தோட்டத்து ஷெட்டில் நிற்கிறது. அப்படியே விற்கலாமா என்று வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டேன், படமெல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது. இதுவரை மூன்று பேர் வந்து பார்த்தார்கள். நான் முதலில் இடது கதவைத் திறந்து பெல்ட்டைத்தான் இழுத்துக் காட்டுகிறேன். இரண்டு பேர் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். மூன்றாமவர் சேலத்துக்காரர், பழைய வண்டி வியாபாரம். அந்தச் சேற்றுக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். "இதை ஏன் சார் எல்லாருக்கும் காட்டிட்டு இருக்கீங்க? பெல்ட் மாத்த எவ்வளவு ஆயிடப்போகுது" என்றார்.