பேஸ்போல் மனப்பயிற்சி வகுப்பு, திருகோணமலை: இரண்டாம் சனிக்கிழமைக்காகவே போகலாம்

திருகோணமலை நகரில் மூன்று சனிக்கிழமை காலைகளில் நடக்கும் பேஸ்போல் மனப்பயிற்சி வகுப்பைப் பற்றியது இந்த மதிப்பீடு. காலை 8 மணிக்குத் தொடங்கி 10 மணிக்கு விடுகிறார்கள். கட்டணம் 4,500 ரூபா. 14 வயதுக்கு மேற்பட்ட யாரும் சேரலாம். ஒரு கொப்பியும், காற்சட்டைப் பைக்குள் அடங்கும் மூன்று நிற அட்டை ஒன்றும் தருகிறார்கள்.

எங்கள் பக்கத்தில் பேஸ்போலுக்கு வருகிறவர்கள் அநேகமாகக் கிரிக்கட்டிலோ எல்லேயிலோ கை பழகியவர்கள். கை சீக்கிரம் மாறிவிடும், மனம் மாறத்தான் சுணங்கும். கிரிக்கட்டில் போலை விசுக்கித் தவறவிட்டாலும் அது விக்கெட்டில் படாதவரை பாதகமில்லை, அடுத்ததைத் தடுத்து ஆடலாம். இங்கே தவறிய விசுக்கு ஒவ்வொன்றும் ஒரு ஸ்ட்ரைக், மூன்றானால் ஆள் வெளியே. அதைவிடப் பெரிய வித்தியாசம் அதற்குப் பிறகுதான். கிரிக்கட்டில் ஆட்டமிழந்தவர் போய் இருந்து மனம் ஆறலாம். பேஸ்போலில் ஸ்ட்ரைக் அவுட் ஆனவர் சில நிமிடத்தில் கையுறையை மாட்டிக்கொண்டு களத்தில் நிற்கவேண்டும், அதே ஆட்டத்தில் இன்னும் இரண்டு மூன்று தரம் மட்டை எடுக்கவும் வேண்டும். 1941இல் அமெரிக்க வீரர் டெட் வில்லியம்ஸ் எடுத்த .406 சராசரியை, அதாவது மட்டை பிடித்த ஆயிரம் முறைக்கு 406 ஹிட் (தளம் சேர்க்கும் அடி) என்ற கணக்கை, இன்றும் பெரிதாகப் பேசுகிறார்கள். அதன்படி பார்த்தாலும் கணக்கில் வந்த பத்து முறைக்கு ஏறக்குறைய ஆறு முறை அவருக்கு ஹிட் இல்லை. தோற்ற கையோடு உடனே அடுத்த வேலையைப் பார்க்கப் பழக்குவதுதான் இந்த ஆட்டத்துக்கான மனத்தயாரிப்பு. வகுப்பை அந்த அளவுகோலால்தான் பார்க்கவேண்டும்.

முதல் சனிக்கிழமை பெரும்பாலும் பேச்சு. முதல் நாள் இரவே பையை அடுக்குவது, நேரத்தோடு படுப்பது, ஆட்டத்துக்கு இரண்டரை மணித்தியாலம் முன்னர் சாப்பிட்டு முடிப்பது என்று தெரிந்த விஷயங்கள். எழுதிக் கொடுத்தாலே போதும்.

இரண்டாம் சனிக்கிழமைதான் காசுக்குப் பெறுமதி. இரண்டு போல்களுக்கு இடையிலுள்ள நேரத்தில் என்ன செய்வது என்பதை உடம்பால் பழக்குகிறார்கள். இடது காலை, மட்டைக்காரர் நிற்கும் பெட்டிக்கு வெளியே எடுத்து, மட்டையை நேராகப் பிடித்து, அதிலுள்ள முத்திரையை மட்டும் பார்க்கவேண்டும். மூக்கால் மூச்சை எடுத்து, எடுத்ததைவிட நீளமாக வாயால் விடவேண்டும். தோள் இறங்கும்வரை உள்ளே வரக்கூடாது. பிறகு இரு காலும் பெட்டிக்குள். கண், போலை எறியும் பிட்சரின் தொப்பியில் சும்மா தங்கும். அவர் கை எழும்பும்போது, போல் கையைவிட்டு வெளிவரும் இடத்துக்குப் பார்வை மாறும். முதலிலிருந்தே அந்த இடத்தை உறுத்துப் பார்ப்பவருக்குப் போல் வரும் நேரத்தில் கண் களைத்துவிடும். பிட்சர் எறியும் மேட்டிலிருந்து, மட்டைக்காரர் பக்கத்தில் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 18.44 மீற்றர். மணிக்கு 70 மைல் வேகப் போல் வந்து சேரச் சுமார் அரை நொடிதான், அதற்குள் யோசிக்க இடமில்லை.

இது முழுவதையும் ஏழு நொடிக்குள் முடிக்கச் சொல்கிறார்கள், அது சரியான கணக்கு. 2023இல் அமெரிக்க மேஜர் லீக்கில் வந்த, எறிவதற்கு நேரம் வைக்கும் பிட்ச் கடிகாரத்தின்படி, தளங்களில் ஓடுகிறவர் இல்லாதபோது பிட்சருக்கு 15 நொடி. அதில் 8 நொடி மிச்சமிருக்கையிலேயே மட்டைக்காரர் ஆயத்தமாக நிற்கவேண்டும்.

பிழை விடுகிற இடங்களையும் அங்கேயே திருத்துகிறார்கள். அவசரமாக ஆழ மூச்சை ஐந்தாறு தரம் இழுத்தால் உடம்பிலுள்ள காபனீரொட்சைட்டு குறைந்து தலை சுற்றும், விரல் விறைக்கும். ஒரு மூச்சு, மிஞ்சினால் இரண்டு. “உயரப் போலுக்கு விசுக்காதே” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நிற்பவரின் கண் உயரப் போலைத்தான் தேடும். “இடுப்பளவு போலை எடு” என்று மாற்றிச் சொல்லவைக்கிறார்கள்.

மூன்று நிற அட்டை, விளையாட்டு உளவியலாளர் கென் ரவிசாவின் சமிக்ஞை விளக்கு முறை. பச்சையென்றால் அப்படியே ஆடு, மஞ்சளென்றால் மூச்செடு, சிவப்பென்றால் நேரம் கேட்டு வெளியே வா. 2018இல் காலமான ரவிசா, கலிபோர்னியா ஸ்டேட் புல்லர்டன் பல்கலைக்கழகப் பேஸ்போல் அணியோடு நீண்டகாலம் வேலை செய்தவர். 2004இல் கல்லூரிச் சம்பியனான அந்த அணி, வீரர்களின் வாங்கிலருகே பொம்மைக் கழிப்பறை ஒன்றை வைத்திருந்தது. பிழை விட்டவர் அதை அழுத்திவிட்டு அந்தப் பிழையை மறப்பார். இங்கே அதற்குப் பதில் ஒரு பிடி மண்ணை எடுத்து எறியச் சொல்கிறார்கள், களத்தில் செய்ய அது இன்னும் சுகம். அட்டையின் மை மட்டும் வியர்வையில் கரைகிறது. இரு பக்கமும் அகலமான செலோடேப் ஒட்டிவிடுங்கள்.

மூன்றாம் சனிக்கிழமை ஏமாற்றம். குளிரூட்டிய மண்டபத்தில் விளக்கை அணைத்து, பாயில் படுக்கவைத்து, ஆட்டத்தைக் கற்பனை செய்யச் சொல்கிறார்கள். பாதிப் பேர் தூங்கிவிடுகிறார்கள். மனக்காட்சி வேலை செய்யவேண்டுமென்றால் எழும்பி நின்று, கையில் மட்டையோடு, தன் கண்ணால் பார்ப்பதுபோல, ஆட்டத்தின் உண்மை வேகத்தில் ஓடவேண்டும். சோதிக்க நல்ல வழி உண்டு. ஹோம் பிளேட்டிலிருந்து முதல் தளத்துக்கு 27.43 மீற்றர். அதை நிஜமாக ஓடி நேரம் எடுங்கள், பிறகு கண்ணை மூடி மனதில் ஓடி நேரம் எடுங்கள். நிஜத்தில் 5 நொடி எடுப்பவர் மனதில் 2 நொடியில் முடித்தால் அது வெறும் ஆசைக் கனவு. இந்தச் சோதனை வகுப்பில் இல்லாதது பெரிய குறை.

இன்னொரு குறை, மண்டபத்தைவிட்டு வெளியே வராதது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மக்கேய்சர் மைதானத்திலோ ஏகாம்பரம் மைதானத்திலோ நின்றால் தெரியும், உயர எழும்பிய போல் எங்கே இறங்குமென்று நம்பமுடியாது, கண்ணில் புழுதியும் விழும். வெளிக்களத்தாருக்கு அதுதான் பதற்றத்தின் வேர். ஆட்டத்துக்கு முன்னர் காற்றுக்கு எதிராகப் பத்து, காற்றோடு பத்து என்று உயரப் போல் பிடித்தால் பாதிப் பதற்றம் இறங்கிவிடும். வெயிலில் உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணி குடிக்காமல் நிற்பவருக்குக் கவனம் சிதறும். அதைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. பிட்சருக்கும், ஹோம் பிளேட்டின் பின்னால் போலைப் பிடிக்கும் கட்சருக்கும் இருபது நிமிடம்தான். வாங்கில் காத்திருந்து திடீரென்று இறங்குகிறவர்களை மறந்தே விட்டார்கள்.

இரண்டாம் சனிக்கிழமையை மட்டும் 1,500 ரூபாவுக்குத் தனியாக எடுக்கலாம், அதை எடுங்கள். முதல் முறை மட்டை பிடிப்பவர்கள் ஒரு பருவம் ஆடிவிட்டுப் போவது நல்லது, திருத்துவதற்கு ஒரு பழக்கம் இருக்கவேண்டுமே. மண்டபத்தில் தரும் மட்டை சின்னப் பிள்ளைகளுக்கான பாரமில்லாத மட்டை, அதனால் ஆட்டத்தில் பாவிக்கிற மட்டையையே கொண்டு போங்கள்.