சப்ரெசர் மாட்டிய செமி ஆட்டோவில் உதையைக் குறைக்க: எதற்குக் காசு போடலாம்?

308 வின்செஸ்டர் தோட்டா போடும் செமி ஆட்டோ ரைபிள். குழல் முனையில் சத்தத்தைக் குறைக்கும் சப்ரெசர். காட்டுப்பன்றி வேட்டைக்கு வாங்கியது. சப்ரெசர் மாட்டினால் உதை குறையும் என்று கடையில் சொன்னார்கள், ஆனால் மாட்டிய பிறகு தோளில் சுருக்கென்று குத்துகிறது, கண்ணில் புகை அடிக்கிறது. டெக்சாஸில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் கேட்டது இதைத்தான்: "மாமா, பணம் செலவழிக்கத் தயார். எதில் போடுவது?"

மலேசியாவில், செந்தூலில் இருக்கும் நமக்கு இது பேச்சோடு சரி. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டிய 1971ஆம் ஆண்டுச் சட்டமும் இங்கே இருக்கின்றன. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தாலே சிறை, பிரம்படி. செம்பனைத் தோட்டக்காரர்களிடம் லைசென்ஸோடு இருப்பது ஷாட்கன். அமெரிக்காவில் கதை வேறு. அங்கே 42 மாநிலங்களில் சப்ரெசர் வைத்துக்கொள்ளலாம். 1934 முதல் அதற்கு இருந்த 200 டாலர் வரியும் 2026 ஜனவரியிலிருந்து இல்லை, பதிவு மட்டும் தொடர்கிறது. போன முறை அங்கே போனபோது வேட்டை லைசென்ஸ் எடுத்துக்கொண்டேன். விசாவில் போகிறவர் அது இல்லாமல் துப்பாக்கியைத் தொடுவது ஆபத்து. அதன் பிறகுதான் அவனுடைய ரைபிளையும் அவன் நண்பனுடையதையும் மாற்றி மாற்றிச் சுட்டேன். கீழே வரும் தீர்ப்புகளில் பாதி அந்த அனுபவம், மீதி கணக்கு.

செமி ஆட்டோவில் தோளுக்கு இரண்டு உதை வரும். முதலாவது எல்லாத் துப்பாக்கிக்கும் உள்ளது. 9.7 கிராம் தோட்டா நொடிக்கு 850 மீட்டர் வேகத்தில் போகிறது. அதன் உந்தம், அதாவது எடையை வேகத்தால் பெருக்கினால் வருவது, சுமார் 8.3 (கிலோ, மீட்டர், நொடிக் கணக்கில்). கூடவே 2.9 கிராம் வெடிமருந்து வாயுவாகிப் பீய்ச்சுகிறது. அதன் பங்கு ஏறக்குறைய 3.5. மொத்தம் 11.8. ரைபிளின் எடை 3.4 கிலோ என்றால் தோளுக்கு வரும் ஆற்றல் 20 ஜூல் போல. சப்ரெசரால் கைவைக்க முடிவது வாயுவின் அந்த 3.5இல் ஒரு பங்கில்தான். தோட்டாவின் 8.3ஐ யாராலும் அசைக்க முடியாது.

இரண்டாவது உதைதான் பலருக்குப் புரிவதில்லை. வாயுவில் கொஞ்சத்தைக் குழலின் ஒரு துளை வழியாக எடுத்து, போல்ட் கேரியரை, அதாவது உள்ளே முன்னும் பின்னும் ஓடும் இரும்புப் பாகத்தை, பின்னால் தள்ளித்தான் செமி ஆட்டோ அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. தோட்டா வெளியேறிய பிறகு குழலில் அழுத்தம் சட்டென்று விழ வேண்டும். சப்ரெசர் இருந்தால் விழாது, வாயு உள்ளேயே சற்று நேரம் நிற்கும். கேரியருக்குத் தேவைக்கு மேல் தள்ளு கிடைக்கிறது. அது வேகமாகப் பின்னால் வந்து, பின்கட்டைக்குள் இருக்கும் பஃபர் குழாயின் அடியில் மோதுகிறது. அவன் சொன்ன "சுருக்" அந்த மோதல். கண்ணில் படும் புகையும் அதே உபரி வாயுதான். வெற்றுக் கூடு வலப்பக்கம் நேராகவோ சற்றுப் பின்னாலோ விழாமல் முன்னோக்கித் தெறித்தால், வாயு கூடிவிட்டது என்பதற்கு அது ஒரு அறிகுறி. கூட்டின் விளிம்பு பிய்ந்து வந்தாலும் அப்படித்தான்.

ஆகவே போட்டியில் முதலில் மோத வேண்டியவர்கள் இரண்டு பேர்: குழலின் துளை மேல் உட்கார்ந்து வாயுவின் அளவை மாற்றும் அட்ஜஸ்டபிள் கேஸ் பிளாக்கும், கேரியருக்குப் பின்னால் அதோடு நகரும் எடையான பஃபரில் கனமான வகையும்.

கேஸ் பிளாக் துளையிலேயே வாயுவைக் குறைக்கிறது. இந்த யோசனை புதிதல்ல. மலேசிய ராணுவத்தில் எஸ்.எல்.ஆர். என்ற பழைய செமி ஆட்டோ ரைபிளைப் பிடித்த ஆட்களைக் கேட்டால் தெரியும், அதன் பீப்பாய் மேல் கேஸ் ரெகுலேட்டர் இருக்கும். உபரி வாயுவை வெளியே விடும் அமைப்பு அது. துப்பாக்கி ஒழுங்காக இயங்காத இடம் வரை திறந்து பார்த்து, பிறகு சரியாக இயங்கும் இடத்துக்கு மூடி, அதற்கு மேல் இரண்டு கிளிக் கூடுதலாகக் கொடுத்து நிறுத்துவார்கள். இன்று அமெரிக்காவில் அதிகம் புழங்கும் ஏ.ஆர். வகை செமி ஆட்டோ ரைபிள்களுக்கு 100 டாலர் சுமாருக்கு விற்கும் பிளாக்குகளிலும் வேலை இதேதான். அதில் இரண்டு வகை. ஒன்று திருகு வைத்து வழியை அடைப்பது. மலிவு, ஆனால் கரி படிந்து திருகு இறுகிவிடும் என்ற புகார் நிரந்தரம். மற்றது எஸ்.எல்.ஆர். மாதிரி உபரியை வெளியேற்றுவது; கொஞ்சம் விலை கூட, இறுகுவதும் குறைவு. சப்ரெசரைக் கழற்றி மாட்டிச் சுடுகிறவர் என்றால் இரண்டு நிலை கொண்டதை வாங்குவது நல்லது. இல்லையென்றால் சப்ரெசர் இல்லாத நாளில் ரைபிள் பாதி வழியில் நிற்கும்.

பஃபர் வேறு பக்கம் நின்று சண்டை போடுகிறது. வாயு வருவது வரட்டும், கேரியரோடு நகரும் எடையைக் கூட்டி வேகத்தைக் குறைப்போம் என்பது அதன் கணக்கு. ஏ.ஆர்.15இல் சாதாரண கார்பைன் பஃபர் சுமார் 85 கிராம், கனமான வகைகளில் எச்2 130 கிராம், எச்3 153 கிராம். விலையும் குறைவு, பின்கட்டையைத் திறந்து ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். கேஸ் பிளாக்குக்கு முன்பிடியைக் கழற்ற வேண்டும், பிளாக்கைப் பிடித்திருக்கும் ஊசியைத் தட்டி எடுக்க வேண்டும், துளையோடு துளை நேராக உட்கார வேண்டும். பழக்கமில்லாதவர் துப்பாக்கிப் பட்டறையில் கொடுப்பதே மேல். அதனால்தான் எல்லோரும் முதலில் பஃபரில் கைவைக்கிறார்கள்.

ஆனால் அது குழாயை முழுசாகத் திறந்துவிட்டு வாளியைப் பெரிசாக்கும் வேலை. வாயு அப்படியே வருகிறது, புகை அப்படியே வருகிறது, பாகங்களில் கரி அப்படியே. மேலும் கனமான பஃபர் முன்னால் திரும்பி வரும்போது ரைபிளின் மூக்கை ஒருமுறை கீழே அமுக்கும். இரண்டாவது பன்றிக்குக் குறி பிடிக்கும்போது அது தெரிகிறது. நண்பனுடைய ரைபிளில் கேஸ் பிளாக், அக்கா மகனுடையதில் அப்போது கனமான பஃபர். பஃபர் போட்டதில் குத்து மழுங்கியிருந்தது, அவ்வளவுதான். பிளாக் போட்டதில் ஒரே நீளமான தள்ளு; ஸ்கோப்பில் இலக்கு முழுதாக மறையவில்லை. என் ஓட்டு எதற்கு என்று சொல்லத் தேவையில்லை.

308 வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. மேலே சொன்ன எடைகள் சிறிய தோட்டா போடும் ஏ.ஆர்.15க்கு. 308 போடும் ஏ.ஆர்.10 வகையில் எல்லாத் தயாரிப்பாளருக்கும் பொதுவான அளவு கிடையாது. பஃபர் நீளம் குறைந்துபோனால் கேரியர் வர வேண்டிய தூரத்தைத் தாண்டி வந்து ரைபிளின் கீழ்ச் சட்டத்தில் இடிக்கும். அப்புறம் உதையைப் பற்றிக் கவலைப்பட ரைபிளே இருக்காது.

கேஸ் பிளாக்கிலும் பேராசை கூடாது. சுத்தமான துப்பாக்கி, நல்ல வெயில், ஒரே பிராண்ட் தோட்டா என்று வைத்து மிகவும் இறுக்கிவிட்டால், குளிர்காலத்து இரவில் கரி பிடித்த நிலையில் அது கூட்டை வெளியே தள்ளாது. வேட்டைக்கு என்றால் சற்றுத் தாராளமாகவே விட வேண்டும். போட்டியில் சுடுகிறவர் எவ்வளவு வேண்டுமானாலும் இறுக்கட்டும்.

மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார்: வாயுவை முன்னோக்கியே ஓட விடும் சப்ரெசர். ஹக்ஸ்வர்க்ஸ் (HUXWRX) நிறுவனம் இந்த வகையில் பெயர் பெற்றது. சாதாரண சப்ரெசர் வாயுவை அறை அறையாகத் தடுத்து நிறுத்தும். இது சுற்றுப்பாதைகள் வழியாக முன்னால் அனுப்பிவிடும். பின்னழுத்தம் குறைவு, முகத்தில் புகை குறைவு, கேரியரின் வேகம் அவ்வளவாகக் கூடாது. ரைபிளில் எதையும் தொட வேண்டாம், ஒரே சப்ரெசரை இரண்டு மூன்று ரைபிளில் மாற்றி மாட்டலாம். குறை, குழல் முனையில் சத்தம் சாதாரண வகையைவிடச் சற்றுக் கூடவே இருக்கும். விலை 1000 டாலரைத் தொடும், தாண்டும். இன்னும் சப்ரெசரே வாங்காதவருக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். ஏற்கெனவே ஒன்று வாங்கிவிட்டவர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இதற்கு ஓட வேண்டியதில்லை, 100 டாலர் பிளாக் போதும்.

குழல் முனையில் மாட்டும் துளை வைத்த துண்டான மசில் பிரேக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வாயுவைப் பக்கவாட்டிலும் பின்னாலும் திருப்புவதால் வெறும் ரைபிளில் உதையைக் குறைப்பதில் அதை வெல்ல ஆளில்லை. காதுக்குத்தான் நாசம். 140 டெசிபலுக்கு மேல் போகும் திடீர்ச் சத்தம் காதைப் பழுதாக்கும் என்பார்கள். இந்த ரக ரைபிள் பிரேக் இல்லாமலே 160ஐத் தாண்டும். சப்ரெசருக்குள் பிரேக் வைத்து மாட்டுவதும் உண்டு, ஆனால் அங்கே அது முதல் தடுப்புத் தகட்டின் தேய்மானத்தைத் தாங்கும் பலிகடா. உதையைக் குறைக்கும் பிரேக்காக அது வேலை செய்வதில்லை.

பின்கட்டையில் மாட்டும் ரப்பர் பேடு, லிம்ப்சேவர், பேக்மயர் போன்றவை, 30, 40 டாலர். ஆற்றலைக் குறைக்காது; அதே ஆற்றலை அதிக நேரத்துக்குப் பரப்பித் தோளில் இறக்கும். தோளுக்கு அதுவே பெரிய நிம்மதி. ஆனால் ஒரு அங்குலம் நீளம் கூடும். கை குட்டையான ஆளுக்கு ஸ்கோப் தூரமாகிவிடும், பின்கட்டையை ஒரு படி உள்ளே தள்ளிச் சரி செய்ய வேண்டும். கேஸ் பிளாக்கோடு சேர்த்துப் போட்டால் நன்றாக இருக்கிறது, தனியாகப் போட்டால் புகைக்கு மருந்து இல்லை.

எடை கூட்டுவது பற்றி: 3.4 கிலோவை 4.1 ஆக்கினால் அந்த 20 ஜூல் 17க்கு இறங்கும். இலவசம் மாதிரித் தெரியும், இரவெல்லாம் தூக்கி நடந்து பார்த்தால் விலை தெரியும். சப்ரெசரே முன்னால் அரை கிலோ போலத் தொங்குகிறது, போதும். தோட்டாவையே மாற்றலாமா? 6.5 கிரீட்மூர் அதே 3.4 கிலோவில் 17 ஜூல் சுமார். பன்றிக்கும் மானுக்கும் தாராளம். ஒலியைவிட மெதுவாகப் போகும் 300 பிளாக்அவுட் 4 ஜூல்தான் உதைக்கும். ஆனால் அதன் தோட்டாவிடம் இருக்கும் ஆற்றல் 730 ஜூல், 308க்கு 3500. பெரிய கிடாப்பன்றி மேல் தூரத்திலிருந்து அதை நம்பிச் சுடுவதை நான் ஏற்க மாட்டேன்.

அக்கா மகன் கேஸ் பிளாக் போட்டுவிட்டான், வெளியேற்றும் வகை. பழைய பஃபரையே திரும்ப வைத்துக்கொண்டான். பேடு அடுத்த மாதம்.

இங்கே தோட்டத்தில் ஒற்றைக் குழல் 12 போர் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. கேரியரும் இல்லை, கேஸ் துளையும் இல்லை, உதை ஒன்றுதான். ஆனால் அது லேசானதல்ல. 2.7 கிலோ துப்பாக்கியில் 32 கிராம் ரவை போட்டால் 45 ஜூலுக்கு மேல், அதாவது அந்த 308ஐப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். அதே வேகத்தில் 24 கிராம் ரவை என்றால் 30க்குப் பக்கத்தில் வந்துவிடும். பன்றிக்கு 24 கிராம் சில்லறை ரவை உதவாது. பழகுவதற்கு அதைப் போடலாம், காட்டுக்குப் போகும்போது கனமானதை மாற்றிக்கொள்ளலாம். ரப்பர் பேடு மாட்டுவதற்கு முன் பின்கட்டையின் நீளத்தை உங்கள் கையோடு வைத்துப் பாருங்கள். பழைய ஒற்றைக் குழல்களில் பல, உயரமான ஆட்களின் அளவில் செய்தவை. கட்டையை வெட்ட வேண்டி வந்தால் லைசென்ஸ் உள்ள கடையிலேயே கொடுங்கள்.