பென்சனுக்குப் பிறகு: ஒப்பந்த வேலையா, வயலா, கறவை மாடா?

அரச சேவையை 60 வயதில் முடித்து வருபவரின் கைக்கு இரண்டு காசு வருகிறது. மாதாந்த ஓய்வூதியம் உயிருள்ளவரை வரும். 24 மாத ஓய்வூதியத்துக்குச் சமமான பணிக்கொடை ஒரே தடவைதான் வரும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் திரும்ப உழைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் அந்த இரண்டாவது காசை மனதில் வைத்தே கணக்குப் போடுகிறார்கள். சாய்வை முதலே சொல்லிவிடுகிறேன்: நான் இரண்டு கறவை மாட்டின் பக்கம். இனிப் போதும் என்று நிறுத்தும் நாளில், போட்ட காசில் எவ்வளவு திரும்பி வரும்? அந்த ஒரு கேள்விதான் என்னை இந்தப் பக்கம் கொண்டுவந்தது.

ஒப்பந்த வேலைக்கு முதல் போடத் தேவையில்லை. கணக்கு, காணி, பொறியியல் பகுதிகளில் இருந்தவர்களைத் தொண்டு நிறுவனங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் தேடி வரும். கையொப்பமிட முன் இரண்டு விடயம் பாருங்கள். ஊழியராக எடுக்கிறார்கள் என்றால் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், அவர்கள் பங்கு 12 வீதம். ஆலோசகர் என்று எழுதினால் அது கிடையாது. அடுத்தது, களப்பயணம் எத்தனை நாள், எரிபொருள் யார் கணக்கில் என்பது. கிரவல் ஒழுங்கையில் நாள் முழுக்க மோட்டார் சைக்கிள் ஓடினால் இடுப்பு தாங்காது. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். இதற்கு மேல் சொல்ல அதிகமில்லை.

வயல் எங்கள் மண்ணின் தொழில். அதைக் குறைத்துச் சொல்ல மனம் வராது. ஆனால் ஓய்வுக் காசை அதில் போடுபவர் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். காலபோகத்துக்கு ஐப்பசியில் விதைத்தால், மூன்றரை மாத இனமான பிஜி 352 அல்லது ஏ.ரி 362 தை, மாசியில்தான் அறுவடைக்கு வரும். உழவு, ஏக்கருக்கு இரண்டு புசல் விதைநெல், பசளை, களைநாசினி என்று போட்டதெல்லாம் அதுவரை சேற்றுக்குள்தான் இருக்கும். நடுவில் ஆசுபத்திரியில் படுத்துவிட்டால் பாதிப் பயிரை விற்று முதலை எடுக்க வழியில்லை. களைநாசினி அடிக்கும் நாட்களைத் தவறவிட்டால் பிறகு எவ்வளவு யூரியா எறிந்தாலும் கோரையும் சேர்ந்துதான் வளரும். அறுவடை நேரம் மழை பிடித்தால் மெசின் புதையும், ஈர நெல்லுக்கு வியாபாரி கழிவு வெட்டுவார். சிறுபோகமோ இரணைமடுவிலும் வவுனிக்குளத்திலும் முத்தையன்கட்டிலும் எவ்வளவு தண்ணீர் மிஞ்சுகிறது என்பதைப் பார்த்துப் பங்கு பிரிப்பது. சொந்த வயல் இருந்தால் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு நெல்லாக வாங்குங்கள். குத்தகைக்கு எடுத்துச் செய்வது 60 வயதில் வேண்டாம்.

இனி மாடு. பட்டி மாட்டைச் சொல்லவில்லை. மேய்ச்சல் தரைப் பிரச்சினையும் காட்டுக் களவும் வயது போனவர் தலையில் ஏற்ற வேண்டிய சுமைகள் இல்லை. கொட்டிலில் கட்டி வளர்க்கும் ஜெர்சி அல்லது சாகிவால் கலப்பு இரண்டு போதும். வாங்க முன்னரே தீனி நிற்க வேண்டும். ஒரு மாட்டுக்கு நாளுக்கு 30 கிலோ பச்சைப் புல் என்றால், இரண்டுக்கும் கிணற்று நீர் பாயும் அரை ஏக்கர் கோ-3 புல் தேவை. இரண்டு மூன்று கணுத் துண்டுகளாக நட்டால் முதல் வெட்டு ஏறத்தாழ 75 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒன்று. ஆனியிலிருந்து புரட்டாதிவரை நீர் இறைக்க முடியாத காணி என்றால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள். மாசியில் வைக்கல் மலிவாகக் கிடைக்கும்போது கட்டி அடுக்கி வைப்பது அவசியம். கொட்டிலுக்கு வாடைப் பக்கம் மறைப்புக் கட்டாயம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்ததை மறக்கக்கூடாது.

பால் காசு சிறுகச் சிறுகக் கைக்கு வரும். சேகரிப்பு நிலையத்தில் கொழுப்புப் பார்த்துத்தான் விலை. முதலில் இறங்கும் பால் தண்ணீர்த்தன்மை, கடைசிப் பாலில்தான் கொழுப்பு. அவசரத்தில் மடியில் விட்டு எழும்பினால் அளவும் விலையும் சேர்ந்து இறங்கும். பாலைப் பற்றி இவ்வளவு போதும்.

மாடு தன் விலையைக் காக்கிறதா என்பதில்தான் முழுக் கணக்கும் நிற்கிறது. வாங்க வருபவர் மூன்றைப் பார்ப்பார்: பல், சினை, நாலு காம்பு. இரண்டாம் மூன்றாம் ஈற்றுச் சினைப்பசுவுக்கும், நாகு (பெண்) கன்றோடு நிற்கும் பசுவுக்கும்தான் நல்ல விலை. ஐந்து ஆறு ஈற்றுக்குப் பிறகு இறைச்சி விலைதான் பேசுவார்கள். ஆகவே நாலாம் ஈற்றுக்குள் தாயை விற்று, அதன் நாகை வளர்த்து அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். அப்படிச் செய்தால் முதல் கரையாது.

அதைக் கெடுப்பவை இரண்டு. முதலாவது, சினை தவறுவது. கன்று போட்டு மூன்று மாதத்துக்குள் மறுபடி சினை பிடித்தால் ஏறத்தாழ 12 மாதத்துக்கு ஒரு கன்று. ஒரு தடவை தவறினால் அடுத்த பருவம் வரும்வரை 21 நாள் தீனி வீண். கடும் வெயில் காலத்தில் மாடு சினைப் பருவத்துக்கு வரும் அறிகுறிகள் மங்கலாகவே தெரியும், பல வேளை இரவில் வந்து போய்விடும். அதனால் விடியவும் பொழுதுபடவும் கொட்டிலில் பதினைந்து நிமிடம் சும்மா நின்று பார்க்க வேண்டும். காலையில் கண்டால் பின்னேரம் சினை ஊசி (செயற்கைச் சினைப்படுத்தல்), பின்னேரம் கண்டால் மறுநாள் காலை. 21ஆம் நாள் மறுபடி கவனித்து, மூன்றாம் மாதம் கால்நடை வைத்தியரிடம் கைவைத்துப் பார்ப்பியுங்கள். ஊசி போட்ட திகதி ஒரு கொப்பியில் இருந்தால் விற்கும்போது அந்தக் கொப்பியே விலை பேசும்.

இரண்டாவது, மடி வீக்கம். ஒரு காம்பு அடைபட்டால் பசுவின் விலை சட்டென்று விழும். கறக்க முன் மடியைக் கழுவித் துடைத்து, முதல் இரண்டு பீச்சுப் பாலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள்; திரி திரியாகத் தெரிந்தால் அன்றே வைத்தியரைக் கூப்பிட வேண்டும். பெருவிரலை மடித்துக் கறப்பது காம்பைக் காயப்படுத்தும். முழுக்கையால் கறக்கப் பழகுங்கள். கறந்த உடனே காம்பின் துவாரம் மூடாது. அந்த அரை மணிநேரம் மாடு படுக்காமல் நிற்கத்தான் அப்போது புல் போடுகிறோம். கன்று போட இரண்டு மாதம் இருக்கப் பாலை வற்ற விடுங்கள்.

மாட்டின் குறை பெரியதுதான்: நாளுக்கு இரு தடவை கறவை, தைப்பொங்கலுக்கும் விடுமுறை இல்லை. மாடு ஒரே கைக்குப் பழகினால் வேறு ஆளுக்குப் பாலை அடக்கும். முதல் கிழமையிலிருந்தே வீட்டில் இன்னொருவரும் கறக்க வேண்டும். அப்படி ஒரு ஆள் இல்லாத வீட்டுக்கு ஒப்பந்த வேலையே நல்லது. என் சாய்வை அங்கே வற்புறுத்தமாட்டேன். கரையோர மணல் காணிகளில் புல்லின் கணக்கு வேறாக வரும், மேலே சொன்ன அரை ஏக்கரை அங்கே அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வாங்கும் நாளிலேயே காதுத் தகட்டு இலக்கத்தையும் உரிமைப் பத்திரத்தையும் சரிபார்த்து உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அது இல்லாத மாட்டை ஏற்றிச் செல்ல அனுமதி எடுக்க முடியாது. வாங்குபவர் அதைச் சொல்லியே விலையைக் குறைப்பார்.