டாட்சன் 240இசட் கிளட்ச் கிட்: சாமான் நல்லது, காலர்தான் வம்பு

எழுபதுகளின் ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரான 240இசட்டுக்கு என்று விற்கும் 225 மி.மீ. கிளட்ச் கிட்டைத் திறந்தால் கிளட்ச் பிளேட் (உராயும் தட்டு), அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்தால் அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், ஒரு பிளாஸ்டிக் அலைன்மென்ட் டூல் இருக்கும். சில கிட்டில் பைலட் புஷ்ஷும் (கிராங்க் முனையில் கியர்பாக்ஸ் ஷாஃப்டைத் தாங்கும் வளையம்) கிடக்கும். பேரிங் ஏறி உட்காரும் குழல் துண்டான காலர் பெரும்பாலும் இருக்காது. பழைய காலரையே துடைத்து மாட்டிக்கொள்ளலாம் என்பது கணக்கு. வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தால் அந்தக் கணக்கு சரி. ஐம்பது வருடத்தில் நாலு கை மாறிய வண்டியில் அப்படி இருக்கும் என்று நம்பி இறங்கக் கூடாது.

முதலில் கிட்டைப் பற்றி. 240இசட்டோடு வந்த ஸ்டாக் எல்24 இன்ஜினுக்கு இது தாராளமாகப் போதும். பெடல் லேசாக இருக்கும், பிடிப்பு மெதுவாக ஏறும், மேட்டில் வண்டி எடுக்கும்போது உதறாது. நடு ஹப்பில் ஸ்பிரிங் வைத்த ஆர்கானிக் லைனிங் பிளேட்தான் இதற்குப் பொருத்தம். பந்தயத்துக்கான செராமிக் பட்டன் பிளேட்டை ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் சிக்னலுக்குச் சிக்னல் வண்டி குலுங்குவதையும் சேர்த்து வாங்குகிறார்கள். பிளாஸ்டிக் டூலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வேலை முடிகிறது.

இனி காலர். இசட் வரிசையில் 225 மி.மீ., 240 மி.மீ. என்று இரண்டு அளவு கிளட்ச் வந்தது. 225 சாதாரண இரண்டு சீட் வண்டிகளுக்கு. 240 நாலு சீட் 2+2 மாடலுக்கும் பின்னால் வந்த டர்போவுக்கும். 240 பிரஷர் பிளேட்டின் டயாஃப்ரம் விரல்கள் (பேரிங் தள்ளும் ஸ்பிரிங் நாக்குகள்) ஃப்ளைவீலிலிருந்து (இன்ஜினோடு சுழலும் கனச் சக்கரம்) உயரமாக நிற்கும், அதனால் அதற்குக் குட்டைக் காலர். 225-இன் விரல்கள் தாழ்வாக இருக்கும், அதனால் நெட்டைக் காலர். காலரைத் தள்ளும் ஃபோர்க் நிற்கும் இடம் மாறாது. நடுவில் உள்ள இடைவெளியைக் காலர்தான் நிரப்புகிறது. ஆகவே காலர் பிரஷர் பிளேட்டுக்குச் சொந்தம், கியர்பாக்ஸுக்கு அல்ல. பின்னால் வந்த 280இசட்எக்ஸிலிருந்து ஐந்து கியர் பாக்ஸைக் கழற்றி வந்து, அதிலேயே தொங்கிய காலரோடு 240இசட்டில் ஏற்றுகிறவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

தப்பு எந்தப் பக்கம் என்று பெடலே சொல்லிவிடும். காலர் குட்டையாகப் போனால் ஃபோர்க்கின் பயணத்தில் பாதி வெறும் காற்றில் போகும். பெடலைத் தரை வரை மிதித்தாலும் கிளட்ச் முழுசாக விடாது. ரிவர்ஸ் போடும்போது நறநறக்கும், சூடான பிறகு முதல் கியர் விழவே விழாது. காலர் நெட்டையாகப் போனால் கோளாறு மெதுவாக வரும். புதிதில் எல்லாம் சரியாகவே தெரியும். லைனிங் தேயத் தேய விரல்கள் கியர்பாக்ஸ் பக்கம் நகரும். லைனிங் ஒரு மி.மீ. தேய்ந்தால் விரல் நுனி மூன்று நான்கு மி.மீ. வெளியே வரும். ஃபோர்க்கைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனுக்குப் பின்வாங்க இடமில்லை என்றால் பேரிங் விரல்களை ஓயாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். மேல் கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி போகாது. கிட்டைத் திட்டுவார்கள். கிட் மேல் குற்றமில்லை.

இதற்கு இசட் ஆட்கள் வைத்திருக்கும் அளவு 92 மி.மீ. கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதே ஃப்ளைவீல், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட் மூன்றையும் முறைப்படி முறுக்கிக் கட்டுங்கள். பேரிங் ஏற்றிய காலரை விரல்கள் மேல் நேராக வையுங்கள். காலரின் இரண்டு காதுகள் இருக்கின்றனவே, ஃபோர்க் வந்து தள்ளும் முகம், அங்கிருந்து பிரஷர் பிளேட் உட்காரும் ஃப்ளைவீல் முகம் வரை வெர்னியரால் அளந்தால் 92-ஐ ஒட்டி வர வேண்டும். ஒன்றிரண்டு மி.மீ. முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளும். ஐந்தாறு மி.மீ. வித்தியாசம் வந்தால் உங்கள் கையில் இருப்பது வேறு கிளட்ச்சின் காலர். பிரஷர் பிளேட்டை மேசையில் சும்மா வைத்து அளப்பதில் பயனில்லை. நடுவில் கிளட்ச் பிளேட் இறுகினால்தான் டயாஃப்ரம் தன் வேலை நிலைக்கு வரும், அதுவரை விரல்கள் வேறு உயரத்தில் நிற்கும்.

பழைய காலரைத் தூக்கிப் போடாமல் இருப்பது நல்லது, அளந்து முடிக்கும் வரையாவது. பழைய பேரிங்கைப் புல்லர் போட்டு எடுக்கலாம். புதியதை அழுத்தும்போது காலரில் இறுகும் உள் வளையத்தின் மேல் மட்டும் அழுத்தம் விழ வேண்டும். சுத்தியலால் வெளி வளையத்தைத் தட்டி ஏற்றிய பேரிங் ஓட ஆரம்பித்ததுமே முனகும். காலரின் உள்துளைப் பள்ளத்தில், காதுகளில், ஃபோர்க் குத்தி நிற்கும் பந்துத் தலையில் கொஞ்சம் கிரீஸ். கியர்பாக்ஸ் ஷாஃப்டின் பல் வரிசையான ஸ்ப்ளைனில் விரலால் தடவி மறுபடி துடைத்த அளவுதான். கூடப் போட்டால் சுழற்சியில் தெறித்து லைனிங்கில் போய் ஒட்டும்.

ஃப்ளைவீலுக்கு வருவோம். 225 பிரஷர் பிளேட் 240 மி.மீ. கிளட்ச்சுக்கான ஃப்ளைவீலில் அப்படியே உட்காராது, போல்ட் வட்டமே வேறு. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருப்பதால் வாங்கும் முன் ஓட்டைகளை அளந்துகொள்ளுங்கள். கிராங்க் பக்கம் எல்24, பின்னால் வந்த எல்26, எல்28 இன்ஜின்கள் எல்லாமே ஆறு போல்ட்தான், அதனால் எந்த ஃப்ளைவீலும் ஏறிவிடும். வசதியும் குழப்பமும் அதனாலேயே.

பழைய ஃப்ளைவீலை லேத்தில் முகம் சீவாமல் புது பிளேட் போடுவது வீண். நீலம் பாய்ந்த திட்டுகளும் முடி மாதிரி விரிசல்களும் இருக்கும். விரிசல் மேலோடு போனால் சீவினால் மறையும். போல்ட் ஓட்டையை நோக்கி ஓடினால் அந்த ஃப்ளைவீல் பழைய இரும்புக்குத்தான். நீலத் திட்டு கடினமாகிப்போன இடம். லேத் டூல் அதைத் தாண்டிக் குதித்துவிடும், மேடாகவே நிற்கும், பிறகு கிளட்ச் விடும்போதெல்லாம் உதறும். அப்படிப்பட்டதை கிரைண்டிங் கல்லில் கொடுப்பது மேல். இசட்டின் ஃப்ளைவீல் தட்டை முகம், எனவே முழு முகத்தையும் ஒரே அளவுக்குச் சீவச் சொல்லுங்கள். உராயும் வட்டத்தை மட்டும் சீவி, பிரஷர் பிளேட் உட்காரும் விளிம்பை விட்டுவிட்டால் பிடி தளரும், புது கிளட்ச் முதல் நாளே வழுக்கும். முழு முகத்தையும் சீவினால் பிடி குறையாது. எல்லாமே அந்த அளவுக்கு இன்ஜின் பக்கம் தள்ளிப் போகும், அவ்வளவே. அரை மி.மீ. என்றால் கவலை இல்லை.

கட்டும்போது ஃப்ளைவீல் போல்ட்டுக்கு 13 முதல் 15 கிலோகிராம்-மீட்டர் டார்க் (முறுக்கும் விசை), குறுக்கு வரிசையில், இரண்டு மூன்று சுற்றாக. ஆட்டோமேட்டிக் வண்டியை மேனுவலாக மாற்றுகிறவர்கள் அதன் பழைய போல்ட்டையே போடக் கூடாது. ஆட்டோமேட்டிக்கில் ஃப்ளைவீலுக்குப் பதில் வரும் மெல்லிய ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கான அந்தப் போல்ட் குட்டை, கிராங்கில் நாலு மறை கூடப் பிடிக்காது. கட்டிய பின் டயல் கேஜ் வைத்துச் சுழற்றுங்கள். முகம் 0.15 மி.மீ.க்கு மேல் ஆடினால் கழற்றிப் பாருங்கள். கிராங்க் முகத்தில் ஒரு பிசிறு, ஒரு பெயின்ட் துளி போதும் அந்த ஆட்டத்துக்கு. பின்பக்க ஆயில் சீலையும் இப்போதே மாற்றிவிட வேண்டும், அதில் கஞ்சம் பிடித்தால் புது லைனிங் ஆயிலில் குளிக்கும். பைலட் புஷ் துளை நிறையக் கிரீஸை அடைத்து, துளைக்கு இறுக்கமாகப் பொருந்தும் கம்பியை வைத்து அடித்தால் பழைய புஷ் தானே வெளியே வரும். மிச்சக் கிரீஸை வழித்துவிட்டு, புது வெண்கலப் புஷ்ஷை ஆயிலில் ஊறவைத்துப் போடுங்கள்.

கிளட்ச் பிளேட்டை மாட்டும் முன் கியர்பாக்ஸ் ஷாஃப்டில் ஒருமுறை தள்ளிப் பாருங்கள். தன் எடையில் வழுக்கிப் போக வேண்டும். சிக்கினால் ஸ்ப்ளைன் வேறு, அல்லது ஓரம் நசுங்கியிருக்கிறது. ஸ்பிரிங் புடைத்த பக்கம் கியர்பாக்ஸை நோக்கி. திருப்பிப் போட்டால் ஹப் ஃப்ளைவீல் போல்ட் தலைகளில் இடித்து கிளட்ச் விடவே விடாது. அப்போது காலர் மேல் சந்தேகப்பட்டு ஒரு வாரம் போகும்.

இன்னொரு ஏமாற்று ஹைட்ராலிக்கில் உண்டு. பழைய ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் உப்பினாலும் கியர் விழாது, குட்டைக் காலர் போட்ட மாதிரியே இருக்கும். ஒருவர் பெடல் மிதிக்க, இன்னொருவர் கீழே ஸ்லேவ் கம்பியின் நகர்வை அளக்க வேண்டும். அரை அங்குலத்துக்குக் குறைந்தால் முதலில் ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர், காற்றெடுப்பு. ஆரம்ப கால 240இசட்டில் ஸ்லேவ் கம்பி நீளத்தைத் திருகி மாற்றலாம், இழு ஸ்பிரிங்கும் உண்டு. பின்னால் வந்தவை தானே சரிசெய்துகொள்ளும் வகை. புது வகை ஸ்லேவைப் போட்டுவிட்டுப் பழைய இழு ஸ்பிரிங்கையும் மாட்டினால், ஒவ்வொரு முறையும் பிஸ்டன் அடிவரை போய்விடும், முதல் மிதி வீணாகும்.

240 மி.மீ. கிட்டுக்கு மாறலாமா? எல்28-ஐ நன்றாகத் தேற்றியிருந்தாலோ டர்போ வைத்திருந்தாலோ மாறலாம். அப்போது ஃப்ளைவீல், பிரஷர் பிளேட், கிளட்ச் பிளேட், காலர் நான்கையும் ஒரே தொகுப்பாக வாங்குங்கள். ஸ்டாக் எல்24-க்கு அது வெறும் கூடுதல் எடை. அலுமினிய ஃப்ளைவீல் இரும்பில் பாதி எடைதான். ஆர்.பி.எம். பொசுக்கென்று ஏறும், பொசுக்கென்று இறங்கும். நெரிசலில் மெதுவாக நகரும்போது இன்ஜின் அணைந்துபோவதும் கூடவே வரும். அதன் உராய்வு முகத்தில் திருகிய இரும்புத் தகடு தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம், அது ஒரு நல்ல விஷயம். அதிலும் 92-ஐ அளந்தே ஆக வேண்டும், தகட்டின் முகம் விளிம்போடு சமமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மதிப்பெண் என்றால் 225 கிட்டுக்குப் பத்துக்கு எட்டு. குறைத்த இரண்டும் காலருக்கு. பெட்டிக்குள் அதை வைக்க வேண்டாம், இந்தப் பிளேட்டுக்கு எத்தனை மி.மீ. காலர் என்று ஒரு துண்டுச் சீட்டில் அச்சடித்திருந்தால் கூட ஒரு மதிப்பெண் திரும்பக் கொடுத்திருக்கலாம்.