காங்கிரீட் மீன்தொட்டி: பல வருடம் ஓடிய பிறகு கசியும் இடங்கள்

பெரிய காங்கிரீட் மீன்தொட்டி சில வருடம் ஓடிய பிறகு தகராறு செய்யும் இடங்கள் மூன்று: கண்ணாடியின் விளிம்பு, உள்பூச்சு, சுவரைத் துளைத்துப் போகும் குழாய். ஒழுங்காகக் கம்பி கட்டிய சுவர் லேசில் வம்பு செய்யாது. இந்த மூன்றையும் காங்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். பிறகு திருத்துவதென்றால் மீன்களை இடம் மாற்றி, தொட்டியை வற்றவிட்டு, சுவர் காயும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

முதலில் எடை. உள்ளளவு 3 மீ நீளம், 1.8 மீ அகலம், 1.2 மீ நீராழம் என்றால் தண்ணீர் மட்டும் 6,480 லிட்டர், அதாவது ஏறக்குறைய 6.5 டன். 150 மி.மீ. சுவரும் 200 மி.மீ. அடித்தளமும் சேர்த்தால் மொத்தம் 14 டன்னைத் தொடும். சதுர மீட்டருக்கு 2 டன் வருகிறது. வீட்டு மாடித் தளங்களைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவு பயன்பாட்டுச் சுமைக்குத்தான் வடிவமைக்கிறார்கள். ஆகவே தரைத்தளத்தில், கெட்டிப்படுத்திய மண்மேல்தான் இது உட்கார வேண்டும். கம்பி விட்டம், இடைவெளி எல்லாம் கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கு, ஊகத்துக்கு இடமில்லை.

அடித்தளத்தை ஊற்றும்போதே சுவரின் முதல் 100 மி.மீ. உயரத்தையும் சேர்த்து ஊற்றிவிடுங்கள். பழைய காங்கிரீட்டும் புதியதும் சேரும் கோடு தரைமூலையில் விழாமல் சற்று மேலே ஏறிவிடும், அங்கே சென்டரிங் பலகையும் இறுக்கமாக உட்காரும். அந்தக் கோட்டில் பி.வி.சி. நீர்த்தடுப்புப் பட்டை கட்டாயம். நீர்-சிமென்ட் விகிதம் 0.45-ஐத் தாண்டக் கூடாது. கலவை இளகவில்லை என்று தண்ணீர் ஊற்ற வரும் கையைத் தடுத்து, கலவையை இளக்கும் ரசாயனச் சேர்மானத்தைக் கலந்துகொள்ளுங்கள். வைப்ரேட்டர் போகாத மூலையில் ஜல்லி தனித்து நின்று தேன்கூடு விழும், தண்ணீர் அந்த வழியைத்தான் தேடிப் பிடிக்கும்.

வழவழப்பான பி.வி.சி. குழாயைக் காங்கிரீட் பிடித்துக்கொள்வதில்லை. குழாயின் வெளிப்புறத்தை ஒட்டியே தண்ணீர் நடந்து வந்துவிடும். அதனால் நடுவில் தடுப்பு வளையம் உள்ள குழாய்த் துண்டை ஊற்றும்போதே பதிக்க வேண்டும். இயன்றால் நீர்மட்டத்துக்குக் கீழே துளையே வைக்காதீர்கள்.

28 நாள் க்யூரிங் (காங்கிரீட்டை ஈரமாகவே வைத்து இறுகவிடுவது) முடிந்ததும் உள்பூச்சுக்கான எபாக்சிப் பிசினைத் திறந்துவிட வேண்டாம். க்யூரிங் முடிந்த சுவருக்குள் இன்னும் ஈரம் இருக்கும். அரை மீட்டர் சதுரத்துக்கு பிளாஸ்டிக் தாளை ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். தாளின் உட்புறம் துளிர்த்திருந்தாலோ சுவர் கருத்திருந்தாலோ இன்னும் காய வேண்டும். பிறகு மேலே படிந்த சிமென்ட் பாலைக் கிரைண்டரால் எடுத்து, பிரைமர் அடித்து, குடிநீர்த் தொட்டிக்கு ஏற்ற, கரைப்பான் இல்லாத எபாக்சியை இரண்டு கோட் பூசலாம். ஈரச்சுவரில் பூசினால் முதலில் ஒன்றும் தெரியாது. நாளாக ஆகச் சிறு சிறு கொப்புளங்கள் எழும். ஒன்றைக் குத்திப் பார்த்தால் வரும் நீர், பிஹெச் தாளைக் கடும் காரத்தின் நிறத்துக்கு மாற்றிவிடும். காங்கிரீட்டின் காரம் அது.

கண்ணாடியை உள்பக்கத்திலிருந்து வைப்பதே சரி, தண்ணீரின் அழுத்தமே அதைச் சட்டத்தோடு அழுத்தி வைக்கும். 2.2 மீ x 1 மீ ஜன்னலின் நடு, நீர்மட்டத்திலிருந்து 0.65 மீ கீழே இருந்தால் அதன்மேல் விழும் விசை 1.4 டன் அளவு. தொட்டி முன்பின் எவ்வளவு அகலமானாலும் இது மாறாது, ஆழம்தான் கணக்கு. பெரிய ஜன்னலுக்கு அக்ரிலிக் தெளிவாகத்தான் இருக்கும், கீறினால் மெருகேற்றவும் முடியும். ஆனால் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் மீட்டருக்கு 0.07 மி.மீ. விரியும். காங்கிரீட் விரிவது 0.01 அளவு, கண்ணாடியும் கிட்டத்தட்ட அதே. சுவரோடு சேர்ந்தே அசைவதால் வீட்டுத் தொட்டிக்கு லேமினேட் கண்ணாடிதான் (நடுவே படலம் வைத்து ஒட்டிய அடுக்குக் கண்ணாடி) என் தேர்வு. அக்ரிலிக்கோடு சிலிகான் சரியாக ஒட்டாது என்பது இன்னொரு காரணம்.

சட்டம் மட்டமாக இருக்கிறதா என்பதில் சமரசம் வேண்டாம். 2 மி.மீ. மேடு இருந்தாலும் கண்ணாடி அந்த ஒரு புள்ளியில் தாங்கி, அங்கிருந்தே விரிசல் விடும். எபாக்சி புட்டியால் நிரப்பி, நேர்கோல் வைத்துப் பார்த்துத் தேய்த்துவிடுங்கள். வினிகர் வாடை வரும் சிலிகானைத் தொடாதீர்கள். அதன் அமிலம் காங்கிரீட்டோடு வினைபுரியும், லேமினேட் விளிம்பையும் கெடுக்கும். நியூட்ரல் வகை போதும். அதே எபாக்சி பூசிய ஒரு சிறு துண்டில் ஒட்டி, நீரில் ஊறவைத்து, பிய்த்துப் பார்த்த பிறகே வாங்குங்கள். கண்ணாடி சட்டத்தை நேராகத் தொடாமல் 10 மி.மீ. சிலிகான் படுக்கை நிற்க ரப்பர் துண்டுகள் வேண்டும். சிலிகான் நாளைக்கு 2–3 மி.மீ.தான் உள்ளே இறுகும், அகலமான விளிம்பு முழுதும் இறுகப் பல வாரம் ஆகும்.

நீரை நாளைக்கு 30 செ.மீ. வீதம் ஏற்றி, நிறைந்ததும் ஒரு வாரம் விடுங்கள். பக்கத்தில் ஒரு வாளி நீரை வைத்து இரண்டிலும் இறங்கிய உயரத்தை ஒப்பிட்டால் ஆவியானது எவ்வளவு, கசிவு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

சம்ப், அதாவது தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி விஷயத்தில் ஒரு கணக்கு. இந்தத் தொட்டியின் மேற்பரப்பு 5.4 சதுர மீட்டர். மின்சாரம் நின்று பம்பு ஓயும்போது நீர்மட்டம் 20 மி.மீ. இறங்கினாலே 108 லிட்டர் கீழே வரும், சம்பில் அந்த இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். சம்பிலிருந்து தொட்டிக்குத் திரும்பும் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை போட்டால் சைஃபன் (குழாய் வழியே நீர் தானாகப் பின்னோக்கி இறங்குவது) நின்றுவிடும். அந்தத் துளையில் பாசி அடைக்கும், மாதம் ஒருமுறை குத்திவிடுங்கள்.

பாறைகளுக்கு அடியில் ரப்பர் விரிப்பு போடாவிட்டால் எபாக்சி அங்கேதான் முதலில் தேயும். உப்புநீர்த் தொட்டி என்றால் அந்தத் தேய்மானம் வழியே குளோரைடு கம்பியை எட்டும், கம்பி துருப்பிடித்துப் பருத்துச் சுவரைப் பிளக்கும். கடல்மீன் வளர்க்கப் போகிறவர்கள் ஆரம்பத்திலேயே கண்ணாடியிழைக் கம்பியைப் பற்றிப் பொறியாளரிடம் பேசிவிடுவது நல்லது.

இன்னொன்று, 36 மி.மீ. கனத்தில் 2.3 x 1.1 மீ கண்ணாடி 230 கிலோ வரும். என்றாவது அதை மாற்ற வேண்டியிருக்கும். சுவருக்கு மேலே தூக்கி இறக்கக் கண்ணாடியின் உயரத்தைவிடச் சற்று அதிக இடைவெளி கூரைவரை வேண்டும், வாசலிலும் அது நுழைய வேண்டும். இதையும் வரைபடத்திலேயே அளந்துவிடுங்கள்.