கூடு இருக்கும் பாறை: முழுப் பூட்டா, பாதிப் பூட்டா?

டர்பனில் ஆடி மாசம் என்றால் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் காலம். பாறை ஏறும் எங்களுக்கும் அதுதான் சீசன். இங்கே அது குளிர்காலம், மழை குறைவு, பாறை காய்ந்து கைக்குப் பிடிபடும். கோடையில் டிராக்கன்ஸ்பெர்க் மலைக்குப் போனால் மத்தியானமே இடி மின்னல். சிக்கல் என்னவென்றால், செங்குத்துப் பாறையில் கூடு கட்டும் பெரிய பறவைகளும் அதே குளிர்காலத்தில்தான் முட்டையிடுகின்றன. கூடு கட்டும் பறவைக்காக வசந்தத்தில் பாறையை ஏறுகிறவர்களுக்கு மூடும் ஐரோப்பிய வழக்கத்தை மாசம் மாற்றாமல் இங்கே கொண்டுவந்தால் பறவைக்கும் லாபமில்லை, நமக்கும் லாபமில்லை.

இப்படி மூடும் பூட்டே வேண்டாம், ஏறுகிறவர்கள் பார்த்து நடந்துகொள்வார்கள் என்று ஒரு கட்சி உண்டு. நான் அதில் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் ஜூனில் மச்சானோடு ஏறிக்கொண்டிருந்தேன். (எந்தப் பாறை என்று கேட்காதீர்கள், கூட்டின் விலாசத்தை ஊருக்குச் சொல்லக் கூடாது.) பக்கத்து விளிம்பில் சுண்ணாம்பு வழிந்த மாதிரி எச்சம். பழசு என்று நினைத்துவிட்டோம். இன்னும் இரண்டு பிடி மேலே போனதும் கண் மட்டத்தில் கூடு: ஆள் படுக்கலாம் போல அகலம், குச்சிகளுக்கு நடுவே இன்னும் வாடாத பச்சை இலை. வெரோ கழுகு எப்போது எழுந்து போனது என்றே தெரியவில்லை. உடம்பெல்லாம் கறுப்பு, முதுகில் வெள்ளை, எங்களுக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது. "இறங்குடா மச்சான்" என்றேன். கயிறு போட்டு இறங்க நாற்பது நிமிஷம். அவ்வளவு நேரமும் முட்டையோ குஞ்சோ குளிரில். முட்டை திருடும் வெண்கழுத்து அண்டங்காக்கை ஒன்று வந்திருந்தால் கதை முடிந்திருக்கும்.

ஆக, போட்டி முழுப் பூட்டுக்கும் (பாறை முழுவதையும் மூடுவது) பாதிப் பூட்டுக்கும் (கூட்டுப் பக்கத்தை மட்டும் மூடுவது)தான். எது சரி என்பதைப் பறவைதான் முடிவு செய்கிறது.

கேப் பாறு (பிணந்தின்னிக் கழுகு) கூட்டமாக வாழ்வது. போர்ட் ஷெப்ஸ்டன் பக்கம் ஓரிபி பள்ளத்தாக்கில் ஒரு குடியிருப்பு, மகாலிஸ்பெர்க் மலைத்தொடரில் பெரிய குடியிருப்புகள். ஜோடிக்கு ஒரே முட்டை. அடைகாக்க சுமார் 55 நாள், அதற்குப் பிறகு குஞ்சு பறக்க ஏறக்குறைய 140 நாள். மே கடைசியில் இட்ட முட்டை என்றால் தீபாவளிக்கும் அந்தக் குஞ்சு விளிம்பிலேயே உட்கார்ந்திருக்கும். ஒன்று மிரண்டு எழுந்தால் பக்கத்தில் இருப்பவையும் எழும். இங்கே பேச்சே இல்லை, முழுப் பூட்டு. மலை உச்சியில் எலும்பு தின்னும் தாடிப் பாறுக்கும் அதேதான்.

வெரோ கழுகு வேறு ரகம். ஒரு ஜோடிக்கு ஒரே எல்லைக்குள் இரண்டு மூன்று கூடுகள் இருக்கலாம், ஒரு வருஷம் ஒன்றில்தான் முட்டை. பெரும்பாலும் இரண்டு முட்டை, ஆனால் மூத்த குஞ்சு இளையதைக் கொத்தியே கொன்றுவிடும். முட்டையிலிருந்து பறப்பது வரை ஐந்து மாசத்துக்குக் கொஞ்சம் குறைவு. இதற்காக ஒரு கிலோமீட்டர் பாறையை முழுசாக அடைத்தால் ஏறுகிறவர்கள் முணுமுணுப்பார்கள், அடுத்த வருஷம் கூட்டைப் பார்த்தவனும் வாயைத் திறக்க மாட்டான். ஏப்ரலில் எல்லாவற்றையும் மூடி, எந்தக் கூடு என்று தெரிந்ததும் மற்ற பக்கத்தைத் திறப்பதே என் கட்சி.

மூடும்போது பக்கவாட்டுத் தூரத்தை மட்டும் அளக்கக் கூடாது. கூட்டுக்கு மேலே ஆள் வருவதுதான் பறவைக்குப் பெரிய பயம், அதனால் உச்சியிலிருந்து கயிற்றில் இறங்கும் வழிதான் முதலில் அடைபட வேண்டும். பாறை மடிப்புக்கு அந்தப்புறம், கூட்டிலிருந்து பார்த்தால் தெரியாத ஏறும் தடத்தை அவ்வளவு கறாராகப் பார்க்க வேண்டாம்.

பாதிப் பூட்டின் ஓட்டை ஒன்றுதான்: மாசாமாசம் எதிர்ச்சரிவிலிருந்து பைனாகுலரில் பார்க்க யாராவது வேண்டும். அந்த ஆள் கிடைக்காத பாறையில் முழுப் பூட்டே மேல்.

மச்சானுக்கு இதில் வருத்தம். அவனுக்குப் பிடித்த தடம் கூட்டுக்கு நேர் மேலே. அக்டோபர் பாதியில் திறக்கும்போது இடிமழையும் தொடங்கிவிடும், விடிகாலை நாலு மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். போன வருஷம் அப்படித்தான் போனோம். பதினொரு மணிக்கு மேகம் திரண்டது, அரைப் பாறையில் இறங்கினோம்.